சுவரிடுக்கில் ஒரு குளிர்காலம்

கனடா தேசத்து ஒன்ராறியோ மாகாணத்தில், ஹமில்ற்றன் நகரிலே என் மகளும் மருமகனும் குடியிருக்கும் வீடு சற்றே பழையது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் வாரத்து ஒரு பிற்பகலில், அவ்வீட்டின் மேற்குச் சுவருக்கு எதிரே நாற்காலியொன்றைப் போட்டுக்கொண்டு நான் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அவ்வூரார் இளஞ்சூடு என்று மகிழ்வதை என் உடம்பு கடுங்குளிரென்றே கணக்கிட்டது. கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கியிருந்தபடி சுவரை நோக்கினேன். அதன் மேற்புறத்திலே கபில நிறப் பொத்தான்கள் பலவற்றை யாரோ தைத்துவிட்டாற்போலத் தோன்றிற்று. சற்று நேரத்தில் அப்பொத்தான்களுள் ஒன்று நடக்கத் தொடங்கியது.

எழுந்து அருகிற் சென்றேன். நூறுக்கு மேலிருக்கும். சில வெயிலிற் சும்மா கிடந்தன. வேறு சில, சுவரின் மேற் பதித்திருக்கும் பிளாஸ்ரிக் பலகைகளின் ஓரங்களை முகர்ந்து பார்ப்பனபோல மெல்ல ஊர்ந்தன. ஒன்று, என் கண்முன்னாலேயே, இரண்டு பலகைகள் பொருந்தும் கோட்டிலே தலையை நுழைத்து, தோளைச் சரித்து, உள்ளே போய் மறைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

அன்றிரவு பேரனுக்குத் தமிழ்ப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தபோது மேசை விளக்கைச் சுற்றி விர்ரென்று ஓர் இரைச்சல் எழுந்தது. பிற்பகலிற் கண்ட பொத்தான்களுள் ஒன்று விளக்கின் மறைப்பிலே மோதிப் புத்தகத்தின்மீது விழுந்தது. ஆசிரியத் தொழிலில் முப்பது வருடங் கழித்தவனாகிய எனக்கு, பாடப் புத்தகத்தின்மேல் விழும் பூச்சியை என்ன செய்வதென்பதில் ஐயமிருக்கவில்லை. கைக்கெட்டிய அப்பியாசக் கொப்பியால் ஓரடி போட்டேன்.

"ஐயோ அப்பா, அடியாதேங்கோ! நசிச்சால் மணக்கும்" என்று மகள் குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். குரல் வந்து சேருமுன் மணம் வந்துவிட்டது.

பச்சைக் கொத்தமல்லித் தழையைக் கையிற் கசக்கி, அதனோடு நாட்பட்ட எண்ணெயையும் சேர்த்தாற்போன்ற மணம் அது. இவ்வொப்புமை என் மூக்கின் கற்பனையன்று. டெசினல் என்னும் ஒருவகை அல்டிகைட்டுச் சேர்வை கொத்தமல்லித் தழையிலும் உண்டு. இப்பூச்சி கக்கும் நீரிலும் உண்டு. வளர்ந்த பூச்சிக்கு நெஞ்சின் கீழ்ப்புறத்திலே அந்நீரைச் சுரக்கும் சுரப்பிகள் அமைந்திருக்கின்றன. பறவை கொத்தினாலும், பல்லி பற்றினாலும், வயோதிப ஆசிரியர் கொப்பியால் அடித்தாலும் அதன் மறுமொழி ஒன்றுதான். எனக்கோ அந்த மணம் வேறோரிடத்தை நினைவூட்டியது. மார்கழி தை மாதங்களில் நெற்கதிர் பால் பிடிக்கும் வேளையிலே வயல் வரம்பால் நடந்து போனவர்கள் இதை அறிவார்கள். அக்கதிர்களில் அமர்ந்து பாலை உறிஞ்சும் ஒல்லியான பூச்சி இதற்குத் தூரத்து உறவு. ஆனால், அது ஒருபோதும் நம் வீட்டுச் சுவருக்குள் வந்து குடியிருக்க ஆசைப்பட்டதில்லை. நம் நாட்டிலே அதற்கு அஞ்சி ஒளிக்கவேண்டிய குளிர் இல்லை.

ஆமைப் பூச்சியின் பிரயாணம்

தமிழிலே இவ்வினத்தை நாவாய்ப்பூச்சி என்பர். ஆங்கிலேயர் கேடயத்தின் வடிவை அதிற் கண்டு ஒரு பெயரும், நாற்றத்தைக் கண்டு மற்றொரு பெயரும் இட்டனர். ஜப்பானியர் ஆமைப் பூச்சி என்றார்கள். முதுகையும் நடையையும் பார்த்தவன் என்ற முறையில் ஜப்பானியர் பக்கமே நான் சாய்கிறேன்.

ஹமில்ற்றன் வீட்டுச் சுவரில் நான் கண்டது அவ்வினத்திலே ஹலியோமோர்பா ஹலிஸ் என்ற வகை. 1855ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்துப் பூச்சியியலாளர் கார்ள் ஸ்ரோல் என்பார் இதனை விவரித்துப் பெயரிட்டார். சீனம், கொரியா, ஜப்பான், தாய்வான் ஆகியன இதன் தாயகம். அங்கிருந்து வாணிபப் பெட்டிகளோடு பெட்டியாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. 1998இல் பென்சில்வேனியா மாநிலத்து அலன்ரவுண் நகரிலே முதன்முதலாகப் பிடிபட்டது. பிடித்தவர்கள் அதை உள்ளூர்ப் பூச்சியென்றே கருதினர். அதன் உண்மையான அடையாளம் 2001இலேதான் தெளிவாயிற்று. பிற்காலத்தில் பரம்பரையலகு ஆராய்ச்சி செய்தோர், அமெரிக்காவிற் பரவிய கூட்டத்தின் பூர்வீகம் பெய்ஜிங் வட்டாரமே என்று கண்டனர். கனடாவிலே இது ஊன்றியதாக முதலிற் கண்டுகொள்ளப்பட்டது எங்கே என்று தேடினால், நான் வெயில் காய்ந்த அதே ஹமில்ற்றன் நகரிலேதான்! 2010இல் ஒரு வீட்டிலே கண்டெடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழிய, வெளியே இனம்பெருக்கி வாழ்கிறதென்பதும் உறுதியாயிற்று.

அடையாளங் காண்பது கடினமன்று. நீளம் 12 முதல் 17 மில்லிமீற்றர் வரை. மேலே கபில நிறத்திற் பளிங்குக் கல்லின் புள்ளிகள். உணர்கொம்புகளிலே வெள்ளை வளையங்கள். வயிற்றின் ஓரத்திலே வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும் கட்டங்கள். குளிர்காலத்தில் அவ்வூர் வீடுகளுக்குள் வருகின்ற இன்னொரு பூச்சியும் உண்டு. ஊசியிலை மரங்களின் விதையைத் தின்பது; பின்னங்கால்கள் சிற்றிலைபோல விரிந்திருக்கும். இரண்டையும் ஒன்றென்று மயங்குவோர் பலர். மயங்கினாலும் பெரிய நட்டமில்லை. இரண்டும் புகுவது ஒரே வழியாலேதான்.

வீட்டுக்குள்ளே இதனால் விளையும் துன்பம் மணமும் இரைச்சலும் கறையும் மாத்திரமே. கடிப்பதில்லை. உணவுப் பண்டத்தைத் தொடுவதில்லை. மரத்தைத் துளைப்பதில்லை. வீட்டுக்குள் முட்டையிடுவதுமில்லை. கோடையிலே இலையின் அடிப்புறத்தில் ஏறக்குறைய 28 முட்டைகளை ஒரு கொத்தாக இட்டு, குஞ்சுகள் ஐந்து பருவங்கடந்து வளர்வதெல்லாம் தோட்டத்திலேதான். தோட்டத்திலேதான் அதன் உண்மையான கொடுமையும். அப்பிள், பீச், சோளம், சோயா, தக்காளி என நூற்றுக்கு மேற்பட்ட பயிர் பச்சைகளில் ஊசிபோன்ற வாயைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சிவிடும். வெளியே செம்மையாகத் தோன்றும் அப்பிளை அறுத்தால் உள்ளே கபில நிறத்திலே தக்கைபோன்ற திட்டுக்கள் இருக்கும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மத்திய அத்திலாந்திக் மாநிலங்களிலே அப்பிள் தோட்டக்காரர் மாத்திரம் இழந்த தொகை 3 கோடியே 70 இலட்சம் டொலர் என்று மதிப்பிடப்பட்டது.

ஆகவே, இதைக் கண்டு அரசாங்கங்கள் அஞ்சுவதிலே வியப்பில்லை. 2018 பெப்ரவரியில், ஜப்பானிலிருந்து மோட்டார் வாகனங்களை ஏற்றிவந்த கப்பல்கள் சிலவற்றை நியூசிலாந்து தன் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டது. வடக்கே குளிர்காலம் தொடங்கும்போது வாகனங்களின் இடுக்குகளிலே உறங்கப் புகுந்த பூச்சிகள், தெற்கே கோடைகாலத்திற் போய் விழித்துக்கொள்ளும் என்பதே அந்நாட்டின் பயம். சீன தேசத்திலே இதன் முட்டைகளுக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் எள்ளளவான குளவியொன்று உண்டு. சாமுராய்க் குளவி என்று பெயர். பூச்சி வந்து ஊன்றுவதற்கு முன்னரே, வந்தால் அக்குளவியைக் கொணர்ந்து விடலாமென்று அதே 2018இல் நியூசிலாந்து அனுமதி வழங்கி வைத்தது. அமெரிக்காவிலோ ஆராய்ச்சியாளர் அக்குளவியை அடைத்து வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கையில், 2014இல், மேரிலாந்து மாநிலத்து வெளிவெளியில் அது தானாகவே வந்து வாழ்வதைக் கண்டனர். பூச்சி வந்த வழியாலே அதன் எதிரியும் வந்துவிட்டது போலும்.

வீடா, பட்ட மரமா?

இவ்வளவையும் நான் நகர நூலகத்திற் குந்தியிருந்து படித்தது பிற்காலத்திலே. அந்த முதற் குளிர்காலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவை எங்கிருந்தோ வருகின்றன என்பது ஒன்றுதான். யன்னற் சீலையை விலக்கினால் மடிப்பிலே ஒன்று. அலுமாரியைத் திறந்தால் ஒன்று. காலணிக்குள்ளே ஒன்று. தை மாதத்திலே, வெளியே பனி முழங்காலளவு கிடக்க, நல்ல வெயிலெறித்த ஒரு முற்பகலில், மேற்கு அறையின் யன்னற் கண்ணாடியிலே பதினாறு பூச்சிகளை எண்ணினேன். கதவும் யன்னலும் இறுகப் பூட்டியிருக்கும் வீட்டிற்குள் பனிக்காலத்தின் நடுவே அவை புகுந்தது எப்படி என்று மருமகனைக் கேட்டேன். "அதுதான் மாமா எனக்கும் விளங்கேல்லை" என்றார்.

விளங்காதது எங்கள் பிழை. அவை தை மாதத்தில் வரவில்லை. ஒக்டோபரிலேயே வந்துவிட்டன. நான் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேனே, அன்றைக்கே வந்துவிட்டன. அதன் பின்பு சுவருக்குள்ளே உறங்கின.

பகற்பொழுது குறுகக் குறுக, இப்பூச்சி தின்பதை நிறுத்தி, கோடையிலே சேமித்த கொழுப்பைக் கொண்டு மாசக்கணக்கில் உறங்கத் தயாராகிறது. உறங்குவதற்கு அது தேடும் இடம் எது? அமெரிக்கக் காடுகளிலே தேடிப்பார்த்த ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டது பட்டுப்போய் நிற்கின்ற மரங்களிலே. விழுந்து கிடக்கும் மரத்தில் ஈரம் ஏறும். பூச்சி அதை விரும்பாது. தடித்த பட்டையோடு நிமிர்ந்து நிற்கும் பட்ட மரந்தான் வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உலர்ந்த, இறுக்கமான, இருண்ட ஓர் இடுக்கு. முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் முட்டினால் மிகவும் நல்லது.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். உயர்ந்து நிற்பது, உலர்ந்தது, வெயில் படுவது, மேலே பட்டைபோலப் பலகை போர்த்தது, பட்டைக்குக் கீழே ஆயிரம் இடுக்குகள் உடையது. பூச்சியின் கண்ணுக்கு என் மகளின் வீடு ஊரிலே மிகப் பெரிய பட்ட மரம். எங்களைத் தேடி அது வரவேயில்லை. நாங்கள் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. குளிர்நாட்டு வீடுகளிலே உள்ளே மூட்டுகின்ற சூடுதான் அதன் உறக்கத்தைக் கலைக்கிறது. வசந்தம் வந்துவிட்டதென்று மயங்கிய பூச்சி, வெளிச்சத்தை நாடி நடக்கிறது. வழி தவறி வெளிப்புறத்துக்குப் பதிலாக உட்புறத்துக்கு வந்துவிடுகிறது. யன்னலிலே வந்து முட்டுவது புகுவதற்கன்று, போவதற்கு!

எத்தனை பூச்சிகள் ஒரு வீட்டிற்குள் தங்கலாம் என்று ஐயுறுவோருக்கு ஒரு கணக்கு உண்டு. மேரிலாந்து மாநிலத்திலே உயிரியலாளர் ஒருவர் தமது வீட்டிலே தென்பட்ட பூச்சிகளையெல்லாம் 2011 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து ஜூன் முடிய ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணினார். தொகை 26,205. இந்த எண்ணை மகளுக்குச் சொன்னபோது அவள் ஆறுதலடைவாள் என்று நினைத்தேன். அடையவில்லை.

மருந்தும் கூறைச்சேலையும்

இனி நடந்ததைச் சொல்லவேண்டும். கார்த்திகை மாதத்தில் மருமகன் பூச்சி கொல்லும் ஆட்களை அழைத்தார். கைக்குழந்தை உள்ள வீடு; தொட்டிலின் விரிப்பிலே ஒரு பூச்சியைக் கண்டது முதல் அவருக்கு நிம்மதியில்லை. அவரைக் குறைசொல்ல நான் ஆளல்லேன். வந்தவர் மேற்குச் சுவரிலே சிறு துளைகள் இட்டு உள்ளே மருந்துத் தூளை ஊதினார்; அறைகளின் ஓரமெங்கும் தெளித்தார். நாங்கள் அன்று முழுவதும் உறவினர் வீட்டிலே இருந்தோம். திரும்பி வந்தபோது நிலத்திலே நூற்றுக்கணக்கிற் செத்துக் கிடந்தன. நல்ல வேலையென்று எல்லோரும் திருப்திப்பட்டோம். நான்கு நாட் கழித்து மறுபடியும் விளக்கைச் சுற்றி இரைச்சல் கேட்டது. வெளிப்பட்டிருந்தவை செத்தன, இடுக்கின் ஆழத்திற் கிடந்தவை சாகவில்லை. செத்தவற்றிலும் பெரும்பகுதி எங்கள் கண்ணுக்கு எட்டாமற் சுவருக்குள்ளேயே கிடந்தது.

சித்திரைப் புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்னதாக மகள் மேற்கறை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொதியை எடுத்தாள். அதற்குள் இருந்தது அவளுடைய தாயின் கூறைச்சேலை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, என் மனைவி தூக்கிக்கொண்ட பை ஒன்றே ஒன்று. அதிலே பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் இந்தச் சேலையும் இருந்தன. மழையிலே, சனநெருக்கத்திலே, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓரிரவு முழுவதும் சென்றது. பைக்குள் நீர் புகாமல் அவள் அதைத் தலைமேல் வைத்து நடந்தாள். பின்பு மகளின் கலியாணத்துக்கு அதைக் கொடுத்தாள். மகள் அதைக் கனடாவுக்குக் கொண்டுவந்தாள்.

விரித்துப் பார்த்தோம். முந்தானையிலும் மடிப்புக்களிலும் வெளிச்சம் தெரிந்தது. மணியளவான ஓட்டைகள். மடிப்பின் உள்ளே, ரோமம் படர்ந்த அரிசியளவு புழுக்கள் நான்கைந்து நெளிந்தன.

அவை நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகளல்ல. கம்பள வண்டு என்னும் வேறொரு சிற்றுயிரின் புழுக்கள். செத்த பூச்சிகளின் உடலே அவற்றுக்கு விருந்து. சுவருக்குள்ளே செத்துக் கிடப்பனவற்றைத் தின்று பெருகி, அது முடிந்ததும் கம்பளியையும் பட்டையும் இறகையும் தேடி வீட்டுக்குள் வரும். இதனாலேயே, சுவருக்குள் மருந்திட்டு இப்பூச்சியைக் கொல்வதை அமெரிக்காவின் பல்கலைக்கழக வேளாண்மைப் பகுதியினர் வேண்டாமென்று பலமுறை எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வண்டு வேறு வழியாலும் வந்திருக்கலாம். அலுமாரியிலே அச்சேலையை மூடிய பெட்டிக்குள் வையாதது எங்கள் கவனயீனந்தான். ஆயினும், சேலை இருந்த அலுமாரி நின்றது துளையிட்ட அந்தச் சுவரோடு ஒட்டி. அதற்கு முன் அங்கே ஐந்து வருடங்கள் ஒரு தீங்குமின்றி இருந்தது.

மகள் ஒன்றும் பேசவில்லை. சேலையை மறுபடி மடித்தாள். மருமகன்தான், "மாமியின்ரை சேலை, மாமா" என்று இரண்டு தரம் சொன்னார். அதன் பின்பே நான் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன்.

ஆவணி மாதத்து வேலை

நூலகத்திலே கற்றவற்றுள் முதலாவது, இந்தப் போர் குளிர்காலத்திலே நடத்தும் போர் அன்று என்பது. குளிர் வந்தபின் செய்வதெல்லாம் உள்ளே வந்தவற்றைப் பெருக்கி அள்ளும் வேலைதான். பூச்சி சுவரை நாடி வருவது செப்டெம்பர் பிற்பகுதியிலும் ஒக்டோபரிலும். ஆகவே, ஆவணி மாதம் முடியுமுன் வாயில்களை அடைத்துவிட வேண்டும். வெயில் சுகமாக எறிக்கையில், ஒரு பூச்சியும் கண்ணிற் படாத காலத்திலே, ஏணியை எடுக்கும் மனம் யாருக்கு வரும்? எங்களுக்கு வந்தது. சேலை வரச்செய்தது.

இரண்டாவது, வாயிலின் அளவு. இப்பூச்சி எவ்வளவு சிறிய வழியால் நுழையும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நீளமான கீறல் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், அல்லது வட்டத் துவாரம் 7 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், பெரும்பாலும் நுழையமாட்டாது. ஐந்தாறு தபால் அட்டைகளை ஒன்றாகச் சேர்த்தாற்போன்ற தடிப்பைத் தாண்டிய எந்தக் கீறலும் அதற்கு வாயில் என்று நான் கணக்குவைத்துக்கொண்டேன்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்து மூன்று சனிக்கிழமைகள் இதற்குச் சென்றன. மருமகன் ஏணியில், நான் கீழே நின்று கண்ணுக்கெட்டியவற்றைச் சுட்டிக்காட்டும் மேற்பார்வையாளன். யன்னற் சட்டம் சுவரோடு பொருந்துமிடம், கதவு நிலையின் சுற்று, பலகை போர்த்த சுவர் அத்திவாரத்தில் வந்து முடியும் கோடு, தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள் ஆகியவற்றையெல்லாம் சிலிக்கோன் பசையால் அடைத்தோம். ஒரு குழாயைச் சுற்றி என் சுண்டுவிரல் போகுமளவு வெளி இருந்தது. வீடு கட்டிய நாள்முதல் அது திறந்தே கிடந்திருக்கிறது. கதவின் அடியிலே தூரிகைபோன்ற பட்டி வைத்தோம். கிழிந்த யன்னல் வலைகளை மாற்றினோம். கூரையின் கீழுள்ள வெற்றறையின் காற்றுப் பலகணிகளுக்கு உட்புறமாக நெருங்கிய கம்பிவலை அடித்தோம். அவற்றை முற்றாக அடைத்தால் உள்ளே ஈரம் தங்கி மரம் பழுதாகும். யன்னலிலே பொருத்தியிருந்த குளிர்ச்சாதனப் பெட்டியைக் கழற்றி உள்ளே வைத்தோம். அதைச் சுற்றியிருந்த இடைவெளியைப் பார்த்தபோது, முன் வருடம் பூச்சிக்குப் படலையைத் திறந்து வைத்தது நாங்களே என்பது புரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடைக்கும் ஆர்வத்திலே எல்லாவற்றையும் அடைத்துவிடக்கூடாது. சூடேற்றும் உலையின் புகை வெளியேறும் குழாயைத் தொடவே கூடாது. அதிலே வலைகூட இடலாகாது. அது அடைபட்டால் நஞ்சுக் காற்று வீட்டுக்குள் தங்கி உயிர்களைக் கொல்லும். செங்கற் சுவரின் அடியிலே நீர் கசிந்து வெளியேறுவதற்கென்று விடப்பட்ட துளைகளையும் பசையிட்டு மூடலாகாது. மருமகன் அவசரத்திலே ஒன்றை மூடிவிட்டு மறுநாள் ஆணியால் தோண்டினார்.

வெளியே அடைத்தபின் உள்ளேயும் ஒருமுறை சுற்றினோம். சுவரும் நிலமும் சந்திக்கும் மரப்பட்டியின் பின்புறம், கூரைத்தட்டிலே விளக்குப் பதித்த வளையங்கள், மின்பொருத்திகளின் மூடிகள் ஆகியன சுவரினுள்ளே உறங்குவோர் அறைக்குள் வரும் வழிகள். இவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு உபாயங்கள் கைகொடுத்தன. ஒன்று ஊதுபத்தி. காற்று அடிக்கும் நாளிலே ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னலோரமாக மெல்ல நகர்த்தினால், எங்கே புகை வளைகிறதோ அங்கே கீறல் உண்டு. மற்றது இரவிலே செய்யும் வேலை. பேரன் உள்ளே நின்று கைவிளக்கைச் சட்டங்களின் ஓரமாகப் பிடிக்க, நான் வெளியே இருட்டில் நின்று, எங்கே வெளிச்சம் கசிகிறதென்று பார்ப்பேன். "அம்மப்பா, தெரியுதோ?" என்று அவன் கத்துவான். அயலவர்கள் எங்களைப்பற்றி என்ன நினைத்தார்களோ, அறியேன்.

இவ்வளவு செய்தும் ஒருசில வரத்தான் செய்யும். வந்தவற்றை நசிக்கவேண்டாம். வாய் அகன்ற போத்தலிலே சவர்க்கார நீரை விட்டு, பூச்சியின் கீழே பிடித்துத் தட்டிவிட்டால் நேரே விழுந்துவிடும். அதன் இயல்பே, வெருண்டால் கைவிட்டு விழுவது. தூசுறிஞ்சும் பொறியால் இழுப்போரும் உண்டு. ஆனால், பொறிக்குள் மணம் ஏறினால் அது மாதக்கணக்கில் வீடெல்லாம் பரவும். குழாயின் முனையிலே பழைய பெண்கள் காலுறையொன்றை உட்புறமாக விட்டு இறப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டால், பூச்சிகள் காலுறைக்குள்ளே தங்கும். கடைகளிலே விற்கும் பொறிகளுக்குப் பணத்தை இறைக்கத் தேவையில்லை. 2014இல் வேர்ஜீனியா மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று சோதித்தது. தகரத் தாளாலான பெரிய சமையற் தட்டிலே சவர்க்கார நீரை ஊற்றி, அறையை இருட்டாக்கி, தட்டின்மேல் ஒரு விளக்கை எரியவிட்டால், விலைக்கு வாங்கும் பொறிகளைவிடப் 14 மடங்கு பூச்சிகள் அதிலே விழுந்தன. நாங்களும் செய்து பார்த்தோம். அழகான காட்சியன்று, பலனுண்டு. நீரும் விளக்கின் கம்பியும் தொடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை தவழும் அறையிலே வைக்கலாகாது.

கொல்லாமையை வெள்ளிக்கிழமைகளிலேனும் பேணும் குடும்பம் எங்களுடையது. சவர்க்கார நீரைப் பார்த்துப் பேரன் என்னிடம் ஒருநாள், "வெளியில விடலாம்தானே, அம்மப்பா?" என்றான். மார்கழிப் பனியிலே வெளியே விடுவதும் நீரிலே போடுவதும் பூச்சிக்கு ஒன்றுதான் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? அடைத்த கீறலை அவனுக்குக் காட்டினேன். ஒன்றையும் கொல்லாமற் செய்யக்கூடிய வேலை அது மட்டுமே.

அந்த இரண்டாவது குளிர்காலத்திலே நான் ஒரு கொப்பியில் நாளும் இடமும் எழுதி எண்ணிவந்தேன். முதற் குளிர்காலத்தில் எண்ணியிருந்தால் ஒரு கொப்பி போதாதிருந்திருக்கும். இம்முறை இரண்டு பக்கம் நிரம்பவில்லை. அவற்றிலும் பாதி குளியலறைக் காற்றாடியின் வழியாலே வந்தவை. அதை நாங்கள் மறந்துவிட்டோம்.

சேலையை மகள் எறியவில்லை. ரொறன்ரோவிலே பட்டுத் தைக்கும் ஓர் அம்மாவிடம் கொண்டுபோனாள். முந்தானையைக் காப்பாற்ற இயலாதென்றும், கரையை வெட்டியெடுத்துப் பேரப்பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாமென்றும் அவர் சொன்னார். மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது அது இறப்பர் விளிம்பிட்டு இறுக மூடும் பெட்டியொன்றிலே, சுவரிலிருந்து தள்ளி, அறையின் நடுவிலுள்ள கட்டிலின் கீழே இருக்கிறது. நான் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் மருமகன் ஏணியை மறுபடியும் எடுத்து வந்து, குளியலறைக் காற்றாடியின் வெளிமூடிக்கு வலை அடித்தார். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.